நடந்தே குறைத்த நாற்பது கிலோ

சிதம்பரம்
11 ஜூன் 2024

பிரிசி,

சனிக்கிழமை நான் உன்னிடம் சொல்லாததை எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நீ இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. என் மடியில் இருந்த ஃபைலின் மேல் "உடல் பருமன் அறுவை சிகிச்சைப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உன்னைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகுதான் உன் கையிலும் அதே ஃபைல் இருப்பது தெரிந்தது. உன்னுடையது பழையது, ஓரம் மடங்கி, தாள்கள் சேர்ந்து தடித்திருந்தது. நர்ஸ், "பிரிசில்லா, இரைப்பை பைபாஸ், ரெண்டு வருஷ ரிவ்யூ" என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். நான் செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். என்னால் அவ்வளவு தூரம் குனிய முடியாது என்று உனக்குத் தெரியும். மூச்சு முட்டும்வரை குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது நீ உள்ளே போயிருந்தாய். டாக்டரைப் பார்க்காமலே புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருடமாக நீ எனக்கு அனுப்பிய எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். காலையில் கம்பங்கூழ். இரவு இரண்டு கேழ்வரகு தோசை. சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடை. "நடந்தே நாப்பது கிலோ கொறச்சேன், நீயும் நட வினோ, நடந்தா கரையும்." சிதம்பரத்தில் கடற்கரை இல்லை. நான் நான்கு வீதிகளையும் சுற்றினேன், தினமும் இரண்டு சுற்று, ஆட்கள் எழுவதற்கு முன்பு. ஆறு கிலோ குறைந்து ஒன்பது கிலோ ஏறினேன். நீ செய்ததைத்தான் நானும் செய்கிறேன், எனக்கு மட்டும் நடக்கவில்லை என்றால் கோளாறு என் மனதில்தான் என்று முடிவு செய்தேன். தெரியாமல் தின்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். சில நாள் தின்றேன்தான்.

எட்டாவதில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நம் இருவரை மட்டும் உட்கார வைத்தார்கள். சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் டிராக்டரைப் பார்த்துவிட்டு வந்து செம்பியன் நமக்கு "டபுள் டிரெய்லர்" என்று பெயர் வைத்தான். நீ பெஞ்சிலிருந்து எழுந்து, "ஆமாண்டா, ஒரசினா நசுங்கிருவ" என்றாய். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெஞ்சில் பதினாறு வருடமாக நான் தனியாக உட்கார்ந்திருப்பதாக இப்போது தோன்றுகிறது. இது நியாயமில்லை, நீ ஏமாற்றியது இரண்டு வருடம்தான். ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

உன் போனை உன் வீட்டுக்காரர் அன்பரசு எடுத்துப் பார்ப்பார் என்று ஒருமுறை சொன்னாய். அதனால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

வினோதினி


கடலூர்
18 ஜூன் 2024

வினோ,

உன் லெட்டர ஸ்டாஃப் ரூம்ல பிரிச்சேன். ரெண்டாவது வரியிலயே மூடி டிபன் பைக்குள்ள வெச்சிட்டேன். சாயங்காலம் எல்லாரும் போன பின்னாடி ஒன்பது பி கிளாஸ்ல உக்காந்து படிச்சேன். நீ பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அங்கயே செத்திருப்பேன்டி. நீ குனிஞ்சத நானும் பாத்தேன். பாத்துட்டுதான் உள்ள போனேன்.

2022 பிப்ரவரில பண்ணேன். ஸ்கூல்ல டைபாய்டுன்னு லீவு. எங்கம்மாவுக்கும் எங்கண்ணனுக்கும் மட்டும் தெரியும். அதுக்கு முன்னாடி என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனவங்க நாலு பேரு. நாலாவது வந்த அம்மா வாசப்படி இறங்குறப்ப, "பொண்ணு நல்ல பொண்ணுதான், கட்டிலு தாங்க வேணாமா?" ன்னு சிரிச்சுது. எனக்குக் கேக்கட்டும்னுதான் சொன்னுது.

இவருக்குத் தெரியாது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, தெரியாது. வயித்துல அஞ்சு சின்னத் தழும்பு இருக்கு, அப்பெண்டிக்ஸ்னு சொல்லி வெச்சிருக்கேன். அத்தைக்கு நான்தான் பெருமை. "எம் மருமவ நடந்தே நாப்பது கிலோ கொறச்சா, என்னா மன உறுதி!" ன்னு ஊர்ல அவங்க சொல்லாத ஆள் இல்ல. போன வருஷம் சபையில பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல என்னை எழுப்பிச் சாட்சி சொல்ல வெச்சாங்க. ஜெபத்தாலயும் கட்டுப்பாட்டாலயும் கொறைச்சேன்னு மைக்ல சொன்னேன். நாப்பது பேரு கை தட்டுனாங்க. எந்தப் பொய்யும் என்னை அப்படி வேர்க்க வெச்சதில்ல.

இன்னொண்ணு. நான் முழுகாம இருக்கேன், நாலு மாசம். அதுக்குத்தான் அன்னிக்கு வந்தேன். கர்ப்பிணின்னா எல்லாருக்கும் சக்கரைத் தண்ணி குடுத்து ரத்தம் எடுப்பாங்க இல்ல? இங்க கடலூர் ஆஸ்பத்திரியில எனக்கும் குடுத்தாங்க. என் வயிறுதான் இப்ப வேற ஆச்சே, அது தாங்கல. படபடன்னு வந்து, வேர்த்து, வரிசையிலயே விழுந்துட்டேன். மசக்கைன்னாங்க. மறுபடியும் ஆகஸ்ட்ல குடுப்பாங்களாம். பாண்டி டாக்டர், "அதை நீங்க குடிக்கவே கூடாது, உங்க பிரசவ டாக்டர்ட்ட ஆபரேஷனைச் சொல்லுங்க" ன்னார். எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்காங்க.

உன்கிட்ட ஏன் மறைச்சேன்னு கேக்கல நீ. ஆனா அதத்தான் கேக்குற. அவுங்ககிட்ட மறைச்சது பயத்துல. உன்கிட்ட அப்படி இல்ல. எல்லாத்துலயும் நீதான் முன்னாடி. மார்க்கு, படிப்பு, நாலு வார்த்த ஒழுங்கா எழுதுறது. மொத மொதலா நீ என்கிட்ட, "எப்படிடி பண்ண?" ன்னு கேட்ட. அந்தக் கேள்விய விட மனசு வரல.

அடிக்கணும்னா அடி. யார்கிட்டயும் சொல்லாத.

பிரிசி


சிதம்பரம்
23 ஜூன் 2024

பிரிசி,

உன் கடிதத்துக்குக் கோபமாக ஒரு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கு மாதம் என்று படித்தபிறகு கோபத்தைப் பிடித்துவைப்பது கஷ்டமாக இருக்கிறது.

என் விஷயத்தைச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் எழுதிக் காட்டாத எண்: நூற்றுப் பத்தொன்பது கிலோ. சர்க்கரை வந்து மூன்று வருடமாகிறது. தூக்கத்தில் என் மூச்சு நிற்கிறது. எனக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும். "நீ நிறுத்திட்டு மறுபடி இழுக்கற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டே கெடக்கறேன்" என்பாள். ஏப்ரலில் எங்கள் கல்லூரி நூலகத்தில் வருடாந்திரக் கணக்கெடுப்பு. தமிழ்ப் பிரிவின் கடைசி இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் என்னால் நுழைய முடியவில்லை. உதவியாளர் அருண்குமார், "மேடம், உள்ள ஒரே தூசி, நீங்க வெளிய உக்காந்து டிக் பண்ணுங்க, நான் நம்பர் சொல்றேன்" என்றார். அங்கே தூசி இல்லை. காலையில்தான் துடைத்தார்கள். அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆபரேஷனில் எத்தனை பேருக்கு என்ன ஆகிறது என்ற விவரம் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றும் உதவவில்லை. கதைகளில் தேடினால், பருமனான பெண் சிரிக்க வைக்க வருகிறாள், அல்லது சமைத்துப் போட வருகிறாள். ஒரு முடிவெடுக்கத் திணறுபவளாக அவள் வந்து நான் படித்ததில்லை.

கத்தியை நினைத்தும் பயம்தான். ஆனால் அதைவிட, இது ஒரு தோல்வியைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது. வாயைக் கட்ட முடியாதவள் வயிற்றைக் கட்டிக்கொள்கிறாள் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்கும்.

ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அம்மாவைத் தவிர யார்? அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். "நல்ல வயித்த எதுக்குக் கிழிக்கணும்? பிரிசில்லாவப் பாரு. நடந்தே எப்படிக் கொறச்சா! அவளுக்கு இருக்கற வைராக்கியம் உனக்கு எங்க?" தினமும் உன் பெயரைச் சொல்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

ஒரு நாள் நீ வந்து அவளிடம் சொல்வாயா? அவளிடம் மட்டும். நீ சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் சாக்கு என்பாள்.

வினோ


கடலூர்
29 ஜூன் 2024

வினோ,

முடியாதுடி. மன்னிச்சுக்கோ. உங்கம்மா நல்லவங்கதான், ஆனா அவங்க வாயில ஒரு சேதி விழுந்தா சீர்காழி வரைக்கும் போவும். அது உனக்கே தெரியும்.

வர முடியாதுன்னாலும் உனக்கு உண்மையச் சொல்றேன். மொத ரெண்டு வாரம் ஏன்டா பண்ணோம்னு அழுதேன். தண்ணியே சொட்டுச் சொட்டாத்தான் எறங்கும். நாலாவது மாசம் தலமுடி கைக்கு வந்துச்சு. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தா நாலு வாய்க்கு மேல எறங்காது, எலைய மூடுறதுக்குள்ள பரிமாறுறவன் மொறைப்பான். தோலு தொங்குது, அத யாரும் சொல்லித் தரல. மாத்திரை ஆயுசுக்கும். அத சத்து மாத்திரை, ஸ்கூல்ல குடுத்தாங்கன்னு சொல்லித் திங்குறேன்.

ஆனா வினோ, மொட்ட மாடிக்கு மூச்சு வாங்காம ஏறுன அன்னிக்கு மேல நின்னுக்கிட்டு அழுதேன். பஸ்ல என் பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள தானா வந்து உக்காந்துது. "கொஞ்சம் தள்ளும்மா" ன்னு சொல்லல. அத யார்கிட்டயும் சொல்ல முடியாது, சொன்னா இதுல என்ன இருக்கும்பாங்க. உனக்குத் தெரியும்.

பண்ணிக்கோ. நான் நடந்தேன்னு சொன்னது பொய். பண்ணிக்கோன்னு சொல்றது பொய் இல்ல.

பிரிசி


கடலூர்
8 ஜூலை 2024

வினோதினி,

நேத்து ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு நாங்க வீட்டுல நுழையுறோம், உங்கம்மா வாசல்ல ஒரு சீப்பு பழத்தோட நிக்கறாங்க. எனக்கு மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத்தை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. நான் டீ போட உள்ள போனேன். அவுங்க பேசினது மொத்தமும் அடுப்படிக்குக் கேட்டுது. அப்படியே எழுதுறேன், படி.

"மறைக்காம சொல்லுங்கம்மா. அந்தப் பாண்டிச்சேரி டாக்டருக்குக் கைராசி எப்படி?"

"எந்த டாக்டருங்க?"

"உங்க மருமவளுக்கு வயித்துல பண்ணாரே, அவருதான். எம் பொண்ணுக்கும் அவரத்தான் சொல்றாங்க. ஆயிரம் படிச்சவரா இருக்கட்டும், கைராசி கேக்காம எப்படிங்க ஒத்தப் பொண்ணக் குடுக்கறது?"

"எம் மருமவளுக்கு ஆபரேசனா? யாரு சொன்னா? அவ நடந்துல்ல கொறச்சா!"

உங்கம்மா சிரிச்சாங்க வினோதினி. "நடந்தா கொறையும்னா எம் பொண்ணு நடந்ததுக்குச் சிதம்பரத்து வீதியே தேஞ்சிருக்குமே. எங்க வினோதான் சொல்லிச்சு."

இவர் சட்டையக் கழட்டிக்கிட்டே வந்து நின்னார். "அப்பெண்டிக்ஸுக்கு எதுக்கு அஞ்சு ஓட்டைன்னு நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்" னார். அவ்வளவுதான். சட்டையத் திரும்பப் போட்டுக்கிட்டு வெளிய போய்ட்டார். அத்தை அழுதாங்க. "சபை முன்னாடி கடவுள் பேரச் சொல்லிப் பொய் சொன்னியே, உன்னை எழுப்பி விட்டவ நான்தானே" ன்னாங்க. உங்கம்மாவுக்கு அப்பதான் புரிஞ்சுது. டீயக் குடிக்காம எழுந்து போய்ட்டாங்க.

நான் உன்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

பிரிசில்லா


சிதம்பரம்
12 ஜூலை 2024

பிரிசி,

இதைப் படிக்காமல் போட்டுவிடலாம். போடுவதானால் கிழித்துப் போடு, அது பள்ளிக்கூடம்.

ஜூலை மூன்றாம் தேதி. அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள். பிரிசில்லாவின் வைராக்கியம், பிரிசில்லாவின் கட்டுப்பாடு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லி. அதை அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை நான் பார்த்தேன். "அவ நடக்கல. அறுத்துக்கிட்டா" என்று சொன்னேன். இந்த வார்த்தையேதான்.  நான் அதோடு நிறுத்தவில்லை. எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, டைபாய்டு லீவு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் சொன்னேன் என்று அன்றிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மீதி இது: சொல்லும்போது இனித்தது. உன்னை என் பக்கத்துக்கு இழுத்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னொரு பொய்யாகும்.

"யாரிடமும் சொல்லாதே" என்றேன். "நான் யார்ட்ட சொல்லப் போறேன்" என்றாள். உன் வீட்டுக்கே தெரியாது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதையும் சொல்லி உன்னை மேலும் சிறுமைப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். என் பெருந்தன்மை அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டது. மருமகள் வயிற்றில் கத்தி பட்டது மாமியாருக்குத் தெரியாமல் இருக்கும் என்று அம்மாவுக்குக் கற்பனையில்கூடத் தோன்றாது. அவளைப் பொறுத்தவரை, பெண்ணை டாக்டரிடம் கொடுக்குமுன் அவர் கை பட்டவர்களின் வீட்டில் விசாரிப்பது முறை. எங்கள் பெரியப்பாவின் கண் ஆபரேஷனுக்கு முன்பு நான்கு ஊர் போய் விசாரித்தவள். இதையும் என்னிடம் கேட்காமல், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். திரும்பி வந்தவள் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "ஒரு குடும்பத்துல தீய வெச்சிட்டு வந்துட்டேனே" என்றாள். தீயை வைத்தது அவள் இல்லை.

மன்னிப்புக் கேட்டால் நீ எதையாவது எனக்குத் தர வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. ஆகஸ்டில் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்காதே. அதை மட்டும் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

வினோதினி


கடலூர்
16 ஆகஸ்ட் 2024

வினோ,

உன்னை மன்னிச்சிட்டேன்னு எழுத உக்காரல. நடந்தத எழுதுறேன்.

இவர் ஒன்பது நாள் என்கிட்டப் பேசல. சாப்பாட்டத் தானே போட்டுச் சாப்பிட்டார். பத்தாம் நாள் ஷிப்ட் முடிஞ்சு வந்து, "வலிச்சுதா?" ன்னு கேட்டார். எதக் கேக்குறார்னு எனக்குக் கொஞ்ச நேரம் வெளங்கல. அப்புறம், "நான் உன்னை மொதல்லயே பாத்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சியா?" ன்னார். ஆமான்னேன். அவர் இல்லன்னு சொல்லல. யோசிச்சுக்கிட்டே படுத்துட்டார். அது உண்மையான பதிலுன்னு விட்டுட்டேன்.

அத்தை சபையில போய் பெண்கள் ஐக்கியத்து மூத்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தாங்க. இப்ப ஞாயித்துக்கெழம யாரும் என்கிட்ட எப்படிக் கொறச்சன்னு கேக்கறதில்ல. என் வயித்தப் பாக்கறாங்க. புள்ள இருக்கற வயித்தப் பாக்கல, உனக்குத் தெரியும்.

போன புதன்கெழம செக்கப். நாப்பது பேரு வரிசை. நர்ஸ் டம்ளர்ல சக்கரைத் தண்ணி கலக்கி நீட்டுது.  இவ்வளவு ஆன பின்னாடியும், அத்தன பேரு முன்னாடி எனக்குச் சொல்ல வரல. டம்ளர வாங்கிட்டேன். அத்தை அத என் கையிலேர்ந்து புடுங்கி, "இவ வயித்த அறுத்துத் தெச்சுக் கெடக்குதும்மா! டாக்டரக் கேட்டுட்டுக் குடு!" ன்னு கத்துனாங்க. மொத்த வரிசையும் திரும்பிப் பாத்துச்சு. டாக்டரம்மா உள்ள கூப்பிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" ன்னு திட்டு திட்டுன்னு திட்டுனாங்க. இப்ப வீட்டுலயே விரல்ல குத்திப் பாத்து எழுதணும். ரத்தம் ரொம்பக் கம்மியாம், ஊசி போடுறாங்க. குழந்த நல்லா இருக்கு.

உங்கம்மா வந்ததாலதான் அத்தைக்குத் தெரியும். அதனால உனக்கு நன்றி சொல்லணுமோன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொல்ல மாட்டேன்.

எனக்காக ஆபரேசன விட்டிருந்தன்னா அது எனக்கு வேணாம். என் தலையில அதையும் ஏத்தாத. பண்ணிக்கணும்னா உனக்காகப் பண்ணு, வேணாம்னா உனக்காக வேணாம்னு சொல்லு.

உங்கம்மாகிட்ட அத்தை சொல்லச் சொன்னது: அந்த டாக்டருக்குக் கைராசிதானாம். மருமவளுக்கு வயித்துல புள்ள தங்கியிருக்கே.

பிரிசி


சிதம்பரம்
22 செப்டம்பர் 2024

பிரிசி,

எனக்காகவே என் பெயரை மறுபடி சேர்க்கச் சொல்லிவிட்டு, உன் அத்தை சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அன்றே என்னோடு புதுச்சேரிக்கு வந்தாள். டாக்டர் படம் வரைந்து விளக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில், "கையெழுத்து எங்க போடணும்?" என்றாள். விருத்தாம்பாள் என்று மூன்று இடத்தில் எழுதினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம், "இவ மூச்ச எண்ணி எண்ணி எனக்குத் தூக்கமே போச்சுங்க" என்றாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்த ஆபரேஷன் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம் கஞ்சித் தண்ணீரும் மோருமாக இருந்தேன். எட்டாம் நாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு மசால் வடை வாங்கி, நின்றபடியே தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர், "ஒழுங்கா இருந்தீங்களா?" என்று கேட்டபோது தலையாட்டினேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

செப்டம்பர் நான்காம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஆறாம் தேதி மதியம் நீயும் உன் அத்தையும் வந்தீர்கள். உங்கள் குரல் நடைபாதையில் கேட்டபோதே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்கவில்லை, பிரிசி. அம்மா, "இப்பத்தான் கண்ணசந்தா" என்றாள், நம்பித்தான் சொன்னாள். உன் அத்தை அம்மாவிடம், "பழத்த வெச்சிட்டுப் போய்ட்டீங்க அன்னிக்கு, டீயக்கூடக் குடிக்கல" என்றார்கள். இருவரும் மெதுவாகப் பேசிச் சிரித்தார்கள். நீ என் போர்வையைக் காலருகே இழுத்துவிட்டாய். ஏழு மாத வயிற்றோடு குனிந்து நீ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போனீர்கள்.

காயம் ஆறிவிட்டது. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் கூழ் இறங்குகிறது. இன்று எடை நூற்றுப் பத்து. நாளை வேலைக்குப் போகிறேன். லீவு விண்ணப்பத்தில் ஹெர்னியா என்று எழுதியிருக்கிறேன். அருண்குமார் போன் செய்து விசாரித்தபோதும் ஹெர்னியா என்றுதான் சொன்னேன்.

வினோ